குணமான பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயில் பெரும்பகுதி இன்று குணப்படுத்தக்கூடியது. வசதியான நாடுகளில் நோய் கண்ட பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பிழைக்கிறார்கள். நம் ஊர்களிலும் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கீமோ முடிந்து வீடு வந்ததும், “பட்டது போதும்” என்று பெற்றோர் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். விளையாட விடுவதில்லை, கேட்ட தீனியெல்லாம் உடனே வந்துவிடுகிறது. இந்த அன்பு புரிகிறது. ஆனால் பிள்ளையின் உடம்புக்குத் தேவை வேறு.

சிகிச்சை விட்டுச்செல்வது

வட அமெரிக்காவில் 1970 முதல் 1986 வரை நோய் கண்டு மீண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நோய் கண்டு 30 ஆண்டுகள் ஆவதற்குள் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு நாட்பட்ட உடல்நலக் குறை ஏதேனும் ஒன்று வந்திருக்கும் என்று அது கணித்தது. அதன்பின் சிகிச்சைமுறைகள் மென்மையாகியிருக்கின்றன. ஆனாலும் கவனம் தேவை.

காரணம், உயிரைக் காத்த அதே மருந்துகள்தாம். டாக்ஸோரூபிசின் வகை மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம். ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கலாம். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். தலையில் கொடுத்த கதிர்வீச்சு வளர்ச்சியைத் தடுத்து, உடல் எடையை ஏற்றலாம். இவற்றுடன் உடல் பருமனும் ரத்த அழுத்தமும் புகையும் சேர்ந்தால், ஏற்கெனவே அடிபட்ட இதயத்துக்குச் சுமை பலமடங்காகும். சிகிச்சையின் விளைவை அழிக்க முடியாது. கூடுதல் சுமையைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

ஓடட்டும், ஆடட்டும்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மீண்டு வந்த பிள்ளைக்கும் இதுவே இலக்கு. நடை, சைக்கிள், கயிறு தாண்டுதல் என்று சிறிதாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். எடை தாங்கும் அசைவுகள் எலும்பை உறுதியாக்கும். இதயத்தைப் பாதிக்கும் மருந்து பெற்றவர்கள் கனமான எடை தூக்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். காலம் கடந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டு, பெரியவர்களான பிறகு உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைந்திருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தட்டில் என்ன?

ஸ்டீராய்டு எடுத்த காலத்தில் பசி அகோரமாக இருக்கும். மாத்திரை நின்றாலும் தின்ற பழக்கம் நின்றுவிடாது. சிப்ஸ், பரோட்டா, குளிர்பானம் ஆகியவற்றைக் குறைத்து, கேழ்வரகு, பயறு, கீரை, மீன், முட்டை, தயிர், பழம் என்று தட்டை மாற்றுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

பதின்பருவத்தில்

சிகரெட், புகையிலை, மது மூன்றும் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. புளியோமைசினோ நெஞ்சில் கதிர்வீச்சோ பெற்றவர்களின் நுரையீரல் புகையைத் தாங்காது. இதை மிரட்டாமல் காரணத்தோடு பிள்ளையிடம் பேசுங்கள். கதிர்வீச்சு பட்ட தோலை வெயிலிலிருந்து மறைக்க வேண்டும். ஆண்டுதோறும் பல் பரிசோதனையும், மருத்துவர் பரிந்துரைக்கும் ஹெச்பிவி தடுப்பூசியும் தேவை.

கையில் ஒரு தாள்

எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, உடலின் எந்தப் பகுதியில் கதிர்வீச்சு என்பதைச் சிகிச்சைச் சுருக்கமாக எழுதித் தரும்படி மருத்துவமனையில் கேளுங்கள். எக்கோ எனும் இதய ஸ்கேன் எப்போது எடுப்பது, எந்தப் பரிசோதனை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே தனிக் கிளினிக் நடத்துகிறது. பிள்ளை 18 வயதாகி வேலைக்கோ கல்லூரிக்கோ வெளியூர் போகும்போது அந்தத் தாளின் நகலும் கூடப் போகட்டும். தன் உடம்புக்கு என்ன நடந்தது என்பதைப் பிள்ளையே மருத்துவரிடம் சொல்லும் அளவுக்கு, இப்போதிருந்தே கற்றுக்கொடுங்கள்.