முடி உதிர்வும் மூன்று மாதக் கணக்கும்

பெண்களின் முடி உதிர்வு தனியொரு நோயன்று. காரணத்தாலும் போக்காலும் வேறுபட்ட பல நிலைகளுக்கு வழங்கும் பொதுப்பெயரே அது. தலையிலுள்ள ஏறக்குறைய 1,00,000 முடிகளில் பெரும்பாலானவை வளர்நிலையில் இருக்க, ஏனையவை சுமார் மூன்று மாதம் ஓய்வுநிலையில் தங்கிப் பின் உதிர்ந்து புதியவற்றுக்கு இடம்விடுவதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை விழுவது இயல்பானதே.

டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல் ஆகியவற்றால் உடல் அதிரும்போது, வளர்நிலை முடிகளில் பெரும்பங்கு ஒருசேர ஓய்வுநிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்தாகக் கொட்டுகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்னும் பேச்சுவழக்கு, காரணத்தைக் குழந்தையின் சிரிப்பில் தேடினாலும், காலத்தைச் சரியாகவே கணித்திருக்கிறது. இவ்வுதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களில் தானாகவே தணிவதால், இடையில் வாங்கித் தேய்த்த எண்ணெய்க்கு அந்தப் புகழ் போய்ச் சேர்கிறது.

இலங்கையின் நக்கிள்ஸ் மலைச்சரிவிலுள்ள இரத்தோட்டை போன்ற தேயிலைப் பகுதிகளில் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைபாடாகும். மிகையான மாதவிடாய்ப் போக்காலும் அடுத்தடுத்த கருத்தரிப்பாலும் இழக்கப்படும் இரும்பை, சோறும் ரொட்டியும் மிகுந்து மீனும் இறைச்சியும் அருகிய உணவு ஈடுசெய்யாதபோது, உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்து முடியும் மெலியக்கூடும். உணவோடு குடிக்கும் தேத்தண்ணியிலுள்ள பொருள்கள் தாவர உணவின் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், அதனைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், கீரையோடும் பருப்போடும் தேசிக்காய்ப் புளியைச் சேர்ப்பதும் பயன் தரும்.

வகிடு மெல்ல அகன்று, முன்நெற்றி முடிவரிசை மட்டும் பெரிதும் குலையாமலிருப்பது பரம்பரை சார்ந்த நிலையாகும். ஜெர்மானிய மருத்துவர் எரிக் லுட்விக் 1977இல் இதனை மூன்று படிகளாக வகுத்தார். இதற்குத் தலையில் பூசும் மினொக்ஸிடில் மருந்து உதவினாலும், நிறுத்தினால் பலன் மறைந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாது அதனைப் பயன்படுத்தலாகாது. நாணயம்போல் வட்டமாக விழும் புழுவெட்டு, பெயருக்கு மாறாக, எந்தப் புழுவாலும் வருவதன்று. உடலின் எதிர்ப்பாற்றல் முடிவேர்களையே தாக்குவதால் வருவது. இறுகப் பின்னிய சடையின் இழுப்பும், கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்தும் இடத்து உராய்வும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால், அவ்விடத்து முடி அருகக்கூடும். வேர் தழும்பாவதற்கு முன் இழுப்பைத் தளர்த்தினால் முடி மீண்டும் முளைக்கும்.

ஆகவே, உதிர்வு ஆறு மாதங்களைக் கடந்தாலும், தலைத்தோலில் வலியோ தழும்போ தோன்றினாலும், மாதவிடாய் ஒழுங்கு குலைந்து முகத்தில் முடி வளர்ந்தாலும் அரசாங்க மருத்துவமனையை நாடி, இரத்தச்சோகையும் கழுத்திலுள்ள தைரோயிட் சுரப்பியின் குறைபாடும் உண்டா என்று பரிசோதித்துக்கொள்வது நன்று. அப்போது எந்த எண்ணெய் தேய்த்தோம் என்பதைக் காட்டிலும், உதிர்வு தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு உடலுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வதே மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.