இல்லம் தேடிக் கல்வி

இல்லம் தேடிக் கல்வி என்பது கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாலைநேரக் கல்வித் திட்டமாகும். முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இதனைத் தொடங்கி வைத்தார். முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று.

பின்னணி

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளி 1 கி.மீ. தொலைவுக்குள் இருக்க வேண்டும். ஆனால் பள்ளி அருகில் இருப்பதால் மட்டும் கற்றல் நிகழ்ந்துவிடுவதில்லை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடையில் இணையவழி வகுப்புகள் நடந்தாலும், ஒரே கைபேசியுள்ள வீட்டில் அதைப் பெற்றோர் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் பிள்ளைக்குப் பாடம் இல்லை. உத்திரமேரூர், காவாந்தண்டலம் போன்ற வேளாண் பகுதிகளிலும் இத்தகைய வீடுகள் உண்டு. முதல் வகுப்பில் எழுத்துகளை அறியத் தொடங்கிய குழந்தை, பள்ளிக்குத் திரும்பியபோது மூன்றாம் வகுப்பில் இருந்தது.

செயல்முறை

பள்ளி நேரம் முடிந்தபின் மாலையில் 1 முதல் 1½ மணி நேரம், மாணவர்களின் குடியிருப்புக்கு அருகிலேயே வகுப்பு நடைபெற்றது. ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ 20 மாணவர்கள் இருந்தனர். தொடக்க வகுப்புகளுக்கு 12ஆம் வகுப்பும், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் தன்னார்வலருக்கான தகுதிகளாக இருந்தன. மாத ஊக்கத்தொகையாக ரூ. 1,000 வழங்கப்பட்டது. பாடல், கதை, விளையாட்டு ஆகியவற்றின் வழியே அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கப்பட்டன.

விளைவுகள்

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகள் சுமார் 19,000 பேரை ஆய்வு செய்தனர். 2021 டிசம்பரில் தமிழைவிடக் கணக்கில் இழப்பு அதிகமாக இருந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் கிடைத்தது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் வகுப்புகளுக்கு அதிகம் வந்ததால், வசதியுள்ளோருக்கும் அவர்களுக்கும் இடையே பெருந்தொற்றால் விரிந்த இடைவெளியும் குறைந்தது.

வரம்புகள்

மாலை வகுப்பு பள்ளிக்கு மாற்றாகாது. மீட்சியின் பெரும்பகுதி பள்ளி திறந்ததாலேயே ஏற்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்னும் இலக்குடன், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் பள்ளி வகுப்பறைகளில் தொடங்கப்பட்டது. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக் கற்பிப்பதே இதன் அடிப்படையாகும்.