மெயினின் ஆம்பியரை முடிவு செய்பவர் யார்?

சூளூர்பேட்டையில் வீட்டுக்கடன் பெற்று மாடி எடுத்த வாடிக்கையாளர் ஒருவர் கோடையில் நம் கிளைக்கு வந்தார். இரண்டு ஏ.சி.களும் ஓடுகையில் மின் அடுப்பையும் தண்ணீர் மோட்டாரையும் போட்டால் சில நிமிடங்களில் மெயின் விழுந்துவிடுகிறதாம். "16 ஆம்பியரை எடுத்துவிட்டு 40 ஆம்பியர் போட்டால் தீர்ந்தது" என்று வயரிங் செய்தவர் கூறியிருந்தார். அதைச் செய்யலாமா என்பதே அவரது கேள்வி.

அவருடைய மின்கட்டண ரசீதை வாங்கிப் பார்த்தோம். ஒப்பந்த மின்பளு 2 கிலோவாட் என்றிருந்தது. 230 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கும் குறைவு. அவர் வீட்டுப் பயன்பாடோ, ஏ.சி.கள் இரண்டுக்கும் 3.2, அடுப்புக்கு 2, ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 0.75 என ஏறத்தாழ 6 கிலோவாட். அதாவது 26 ஆம்பியர். பழுதானது மெயின் அன்று. அது தன் கடமையைத்தான் செய்தது.

மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டருக்கு முன்னுள்ள கட்டவுட், மீட்டர் ஆகியவை மின்பகிர்மான நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவை. தக்க கட்டவுட்டை எளிதில் அணுகக்கூடிய இடத்தில், தீப்பற்றாத பெட்டிக்குள் நிறுவனமே அமைத்துத் தரவேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே உண்டு. இன்றைய மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே கூறுகின்றன. ஆகவே அதன் ஆம்பியரை முடிவு செய்பவர் நிறுவனத்தார். நம் பகுதியில் அது திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரத் தெற்கு மின்பகிர்மான நிறுவனம். மீட்டருக்குப் பின்னுள்ள மெயினும் எம்.சி.பி.களும் வீட்டுக்காரருடையவை. ஆயினும் அவற்றின் அளவையும் நம் விருப்பம் முடிவு செய்வதில்லை. சுவருக்குள் ஓடும் கம்பியே முடிவு செய்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி குழாய்க்குள் ஏறத்தாழ 20 ஆம்பியரைத் தாங்கும். அதற்கு 40 ஆம்பியர் காவல் வைத்தால், காவலன் விழிக்கும் முன்பே கம்பி கருகத் தொடங்கிவிடும். அந்நாளில் பீங்கான் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவைத்த அதே தவறு, இன்று பளபளப்பான பெட்டிக்குள் நடக்கிறது.

டோக்கியோவில் இந்த உறவு இன்னும் வெளிப்படையானது. 10 முதல் 60 ஆம்பியர் வரை எத்தனை வேண்டுமென்று வீட்டுக்காரர் தெரிவு செய்கிறார். மாத அடிப்படைக் கட்டணமும் அதற்கேற்ப மாறுகிறது. நம் நாட்டில் ஆம்பியருக்குப் பதிலாகக் கிலோவாட்டில் கேட்கிறோம், அவ்வளவே. கேட்காமலே கூடுதலாக எடுப்பதுதான் வழக்கமாகிவிட்டது.

அவ்வழக்கத்திற்கு விலையுண்டு. ஒப்பந்த மின்பளுவை மீறி எடுப்பதும் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரமற்ற பயன்பாடே என்று, ஒடிசாவின் அரிசி ஆலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அப்பிரிவின்படி கட்டணம் இருமடங்காகக் கணக்கிடப்படும். எனினும் 2023-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் சற்று ஆறுதல் தருகின்றன. ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில், ஒரு நிதியாண்டில் மூன்று முறையேனும் அளவு மீறியிருந்தால்தான் மின்பளுவை உயர்த்தலாம். மீட்டர் பொருத்துவதற்கு முந்திய காலத்துக்கு அந்த மீட்டரின் கணக்கைக்கொண்டு அபராதம் விதிக்க இயலாது.

முறையாகக் கேட்டுப் பெறுவது பெருஞ்சுமையன்று. ஆந்திர மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022-23 கட்டண ஆணைப்படி வீட்டு இணைப்பின் நிலைக்கட்டணம் கிலோவாட்டிற்கு மாதம் 10 ரூபாய்தான். ஒருமுறை செலுத்தும் வளர்ச்சிக் கட்டணமும் வைப்புத்தொகையும் தனி. அவற்றை வீட்டின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுமாறு கடன் கேட்டு வருவோரிடம் நாம் சொல்வதுண்டு. டைல்ஸ் வரை எழுதுபவர்கள் இவ்வொரு வரியை மறந்துவிடுகிறார்கள். கூரையில் சூரிய மின்தகடு அமைப்போர்க்கு 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் வழியை எளிதாக்கியிருக்கிறது: 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, அதற்கேற்ற மின்பளு உயர்வையும் நிறுவனமே செய்ய வேண்டும்.

விண்ணப்பம் தாமதமானால் 1912 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். அதிலும் தீராவிடில் திருப்பதியில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது.

நம் வாடிக்கையாளர் 6 கிலோவாட்டிற்கு விண்ணப்பித்தார். மும்முனை இணைப்பு வந்தது. மாடிக்குப் புதிய வயரிங்கும் செய்துகொண்டார். ஏ.சி.கள் இரண்டும் வெவ்வேறு முனையில், அடுப்பும் மோட்டாரும் மூன்றாவதில். இப்போது எந்த முனையும் 12 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. புதிய மெயினும் முனைக்கு 16 ஆம்பியர்தான்.