கேம் ஓடுது… சத்தத்தைக் காணோம், மவுஸும் நகரல!

போன வருஷம் எங்க டிபார்ட்மெண்ட் சிம்போசியத்துக்கு "பழைய கேம் ஸ்டால்" ஒண்ணு போட்டோம். முதல் நாள் சாயங்காலம் லேப்ல உட்கார்ந்து டாஸ்பாக்ஸ்ல டூம் கேமை ஓட விட்டோம். படம் வருது, பாட்டு வருது. துப்பாக்கியால சுட்டா மட்டும் சத்தமே இல்ல. ஸ்பீக்கரை மாத்தினோம், கேபிளை மாத்தினோம், டாஸ்பாக்ஸையே அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணினோம். ஒன்பது மணிக்கு லேப் பூட்டுற அண்ணன் சாவிக்கொத்தோட வந்து நின்னுட்டார். கடைசியில பார்த்தா தப்பு ஒரே ஒரு எண்ணில்: 7 இருக்க வேண்டிய இடத்துல 5 இருந்தது.

இதுல வெட்கக்கேடு என்னன்னா, மைக்ரோபிராசஸர் பேப்பர்ல 8259 இன்டரப்ட் கன்ட்ரோலர் பத்தி பக்கம் பக்கமா எழுதி பாஸ் பண்ணினவங்கதான் நாங்க எல்லாரும். அந்த 7 என்னன்னு புரிஞ்சிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. உங்களுக்கு அந்த மூணு மணி நேரம் வீணாகக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

டாஸ்பாக்ஸ் என்ன செய்யுது?

64 பிட் விண்டோஸ், பழைய 16 பிட் டாஸ் புரோகிராம்களை நேரடியா ஓட்டாது. அதனால டாஸ்பாக்ஸ் உங்க லேப்டாப்புக்குள்ள ஒரு கற்பனை கம்ப்யூட்டரையே உருவாக்குது. அதுக்குத் தனி பிராசஸர், தனி சவுண்ட் கார்டு, தனி மவுஸ் டிரைவர் எல்லாம் உண்டு.

ஆக இங்கே மூணு பேர் இருக்காங்க: கேம், கற்பனை கம்ப்யூட்டர், உங்க நிஜ லேப்டாப். பெரும்பாலான பிரச்சினைகள் இவங்கள்ல யாரோ ரெண்டு பேருக்கு நடுவுல பேச்சு ஒத்துப்போகாததால வருபவை. எந்த ரெண்டு பேருன்னு கண்டுபிடிச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

சத்தம்: எந்த அட்ரஸ், எந்த இன்டரப்ட்?

இன்னைக்கு கேம் எழுதுறவங்க சவுண்ட் கார்டைப் பத்திக் கவலைப்படுறதில்ல, விண்டோஸ் பார்த்துக்கும். டாஸ் காலத்துல அப்படி இல்ல. ஒவ்வொரு கேமும் கார்டோட நேரடியா பேசணும். அதனாலதான் கேம் ஃபோல்டர்ல பெரும்பாலும் செட்டப் என்று ஒரு தனி புரோகிராம் இருக்கும். அது கேட்கிற கேள்விகளுக்குச் சரியான பதில் தரணும்.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர்தான் அந்தக் காலத்து கேம்களுக்குப் பொது மொழி மாதிரி ஆச்சு. டாஸ்பாக்ஸ் தனக்குள்ள சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டு இருக்கிறதா காட்டும். அதன் இயல்பான அமைப்பு இதுதான்:

அட்ரஸ்: ஹெக்ஸில் 220
ஐஆர்க்யூ: 7
டிஎம்ஏ: 1
ஹை டிஎம்ஏ: 5

அட்ரஸ் என்பது கார்டின் வீட்டு எண். சிபியு கட்டளையை அந்த போர்ட்டுக்குத்தான் அனுப்பும். டிஎம்ஏ என்பது நாம படிச்ச 8237 சிப்பின் வேலை: சிபியுவைத் தொந்தரவு பண்ணாம, மெமரியில இருக்கிற ஒலித் துண்டை நேரா கார்டுக்குக் கொண்டுபோகும் வழி. ஒரு துண்டு வாசிச்சு முடிஞ்சதும் "முடிஞ்சது, அடுத்தது கொடு" என்று கார்டு தட்டும் மணிதான் ஐஆர்க்யூ. அந்த மணி 8259 வழியாக சிபியுவுக்குப் போகுது.

இப்போ எங்க கதைக்கு வாங்க. கார்டு 7-ல மணி அடிக்குது. கேம் 5-ல காதை வெச்சுக் காத்திருக்கு. மணி கேட்கவே இல்ல! டூம் தன் செட்டிங்கை டீஃபால்ட்.சிஎஃப்ஜி என்ற ஃபைலில் சேமிச்சு வைக்கும். நாங்க ஃபோல்டரை அப்படியே ஒரு நண்பனோட பென்டிரைவ்ல இருந்து காப்பி பண்ணினோம். அவன் வெச்சிருந்த 5-ம் கூடவே வந்துருச்சு.

அப்போ பாட்டு மட்டும் எப்படி வந்தது? அது வேற வழி. கார்டில் இருக்கும் யமஹா எஃப்எம் சிப்புக்கு "இந்த ஸ்வரத்தை வாசி" என்று போர்ட் வழியா சொன்னா போதும், அதுவே வாசிக்கும். அதுக்கு டிஎம்ஏவும் வேண்டாம், கார்டோட ஐஆர்க்யூவும் வேண்டாம்.

காதை வெச்சே கண்டுபிடிக்கலாம்

*பாட்டு வருது, எஃபெக்ட் வரல:* ஐஆர்க்யூ அல்லது டிஎம்ஏ எண் பொருந்தல. கேமின் செட்டப்பை ஓட்டி மேலே சொன்ன எண்களைக் கொடுங்க. டாஸ்பாக்ஸ் பிராம்ப்ட்ல 'செட்' என்று டைப் பண்ணினா, பிளாஸ்டர் என்ற வரியில் இந்த எண்கள் தெரியும், ஒப்பிட்டுப் பாருங்க.

*ஒரே சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வருது:* இதுவும் பெரும்பாலும் ஐஆர்க்யூ சிக்கல்தான். கார்டு அதே பஃபரை வாசிச்சுக்கிட்டே இருக்கு, புதுசா நிரப்ப ஆள் வரல.

*எதுவுமே வரல:* டேஞ்சரஸ் டேவ் மாதிரி பிசி ஸ்பீக்கர் கேம் ஒண்ணை ஓட்டிப் பாருங்க. பிசி ஸ்பீக்கர் 8253 டைமரால் ஓடுறது; அட்ரஸ், ஐஆர்க்யூ எதுவும் கேட்காது. டேவ் சத்தம் போட்டா, பிரச்சினை கேம் செட்டப்பில். டேவும் ஊமைன்னா, டாஸ்பாக்ஸுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல. விண்டோஸ் வால்யூம் மிக்ஸரில் டாஸ்பாக்ஸ் மட்டும் மியூட் ஆகியிருக்கான்னு பாருங்க. புரொஜெக்டர் கனெக்ட் பண்ணியிருந்தா சத்தம் எச்டிஎம்ஐ வழியா அங்கே போயிருக்கலாம். டாஸ்பாக்ஸ்ல 'மிக்ஸர்' கட்டளை ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனியா வால்யூம் காட்டும்.

*எஃபெக்ட் வருது, பாட்டு வரல:* முதல்ல செட்டப்பில் மியூசிக் கார்டுன்னு தனியா ஒரு தேர்வு இருக்கான்னு பாருங்க. கேம் சிடியில வந்ததுன்னா இன்னொரு காரணமும் உண்டு. 1996-ல் வந்த குவேக் மாதிரி சில கேம்களில் பாட்டு, சிடியில் ஆடியோ டிராக்காகவே இருக்கும். ஐஎஸ்ஓ ஃபைலில் டேட்டா மட்டும்தான் வரும். ஆடியோ டிராக் வராது. சிடியை பின், கியூ ஜோடியா இமேஜ் எடுத்து, ஐஎம்ஜிமவுன்ட் கட்டளையில் கியூ ஃபைலைக் கொடுங்க.

கரகரன்னு வந்தா?

ஒலி வருது, ஆனா விட்டு விட்டு வருதுன்னா எண்களைத் தொடாதீங்க. அது வேகப் பிரச்சினை. கற்பனை சிபியுவின் வேகத்தை டாஸ்பாக்ஸ் 'சைக்கிள்ஸ்' கணக்கில் சொல்லும். ஜன்னலின் டைட்டில் பாரில் தெரியும். அதை அளவுக்கு மீறி ஏத்தினா நிஜ லேப்டாப் மூச்சு வாங்கும். ஒலித் துண்டு நேரத்துக்குத் தயாராகாது. ரொம்பக் குறைச்சா கேமே திணறும். கன்ட்ரோல் + எஃப்11 குறைக்கும், கன்ட்ரோல் + எஃப்12 கூட்டும். கரகரப்பு நிற்கிற இடத்தைக் காதால பிடிங்க.

அப்படியும் போகலைன்னா ஸ்டார்ட் மெனுவில் டாஸ்பாக்ஸ் ஆப்ஷன்ஸைத் திறந்து, மிக்ஸர் பகுதியில் பிளாக்சைஸை 2048 ஆக்குங்க, பிரீபஃபரை 80 வரை ஏத்துங்க. விலை ஒண்ணு உண்டு: சுட்டதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல ஒரு சின்னத் தாமதம் வரும்.

மவுஸ் ஏன் அடம்பிடிக்குது?

*நகரவே இல்ல:* ஜன்னலுக்குள்ள ஒரு கிளிக் பண்ணுங்க, இல்லைன்னா கன்ட்ரோல் + எஃப்10 அழுத்துங்க. டாஸ்பாக்ஸ் மவுஸைப் பிடிச்சுக்கும். வெளியே வரவும் அதே கீதான். பல லேப்டாப்களில் கூடவே எஃப்என் கீயையும் அழுத்தணும்.

*பிடிச்ச பிறகும் நகரல:* கேம் மவுஸைக் கேட்குதான்னு பாருங்க. டூம் செட்டப்பில் கன்ட்ரோலர் என்ற இடத்தில் கீபோர்டும் மவுஸும் சேர்ந்த தேர்வு இருக்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் மவுஸுக்கு வேலையே இல்ல, அங்கே தேடாதீங்க. பழைய குறிப்புகளைப் பார்த்து மவுஸ்.காம் டிரைவரை லோட் பண்ணவும் வேண்டாம். கேம்கள் மவுஸைக் கேட்கும் இன்டரப்ட் 33-க்கு டாஸ்பாக்ஸே பதில் சொல்லும்.

*ரொம்ப வேகமா ஓடுது:* கான்ஃபிக் ஃபைலில் எஸ்டிஎல் பகுதியில் சென்சிடிவிட்டி 100 என்று இருக்கும். 50 ஆக்கிப் பாருங்க.

*பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்துது:* விர்ச்சுவல் மெஷினுக்குள்ள டாஸ்பாக்ஸ் ஓட்டுறீங்களா? "எவ்வளவு நகர்ந்தது" என்பதைத்தான் கேம் கேட்குது. விர்ச்சுவல் மெஷின் "திரையில் எந்த இடம்" என்று சொல்லுது. அதன் மவுஸ் இன்டக்ரேஷனை ஆஃப் பண்ணுங்க.

*டூம்ல மவுஸை மேலே தள்ளினா ஆள் முன்னாடி ஓடுறான்:* இது கோளாறே இல்ல! டூமை அப்படித்தான் எழுதியிருக்காங்க. பிடிக்கலைன்னா நோவெர்ட் என்ற குட்டி புரோகிராமை முதல்ல ஓட்டிட்டு கேமைத் திறங்க.

கடைசியா ஒரு பழக்கம்

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க, சோதிங்க, எழுதி வைங்க. நாங்க அன்னைக்கு நாலு விஷயத்தை ஒண்ணா மாத்தினதாலதான் எது சரி, எது தப்புன்னே தெரியாம போச்சு. மாத்துறதுக்கு முன்னாடி கான்ஃபிக் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க.

ஸ்டால் மறுநாள் காலையில சத்தத்தோடதான் திறந்தது. உங்களுக்கு ஒரு வேலை தரேன்: டூமின் முதல் எபிசோட் ஷேர்வேராக இலவசமாவே கிடைக்கும். அதை இறக்கி, நல்லா ஓடினதும், செட்டப்பில் ஐஆர்க்யூவை வேணும்னே 5-க்கு மாத்திட்டு என்ன கேட்குதுன்னு பாருங்க. அப்புறம் 7-க்குத் திருப்புங்க. 8259 எதுக்குன்னு அதுக்கப்புறம் யாரும் உங்களுக்கு மனப்பாடம் பண்ணச் சொல்ல வேண்டியிருக்காது.