தட்டியது பந்தையா, கையையா?

கூடைப்பந்தில் வளையத்தை நோக்கி எறியப்படும் பந்தை எதிரணி ஆட்டக்காரர் இடைமறித்துத் தட்டிவிடுவது ‘பிளாக்’ எனப்படும். அது முறையான தடுப்பா, தண்டனைக்குரிய ‘ஃபவுலா’ என்பதை நடுவர் நொடிப்பொழுதில் முடிவு செய்தாக வேண்டும். பார்வையாளர்களின் கண்கள் பந்தையே தொடர்ந்துகொண்டிருக்க, தேர்ந்த நடுவரோ அந்த வேளையில் பந்தை அதிகம் பார்ப்பதில்லை. எறிபவர் எழும்புவதற்கு முன்பே தடுப்பவர் எங்கே நிலைகொண்டார், நேர்மேலாக எழும்பினாரா, முன்னோக்கிச் சாய்ந்து பாய்ந்தாரா என்பதையே அவர் கவனிக்கிறார்.

இதற்கு அடிப்படை, ‘உருளைக் கோட்பாடு’ எனப்படும் விதியாகும். முறைப்படி ஓரிடத்தில் நிலைகொண்ட ஆட்டக்காரருக்கு, அவ்விடத்திலிருந்து மேல்நோக்கி எழும் கற்பனையான உருளை வடிவ வெளி முழுவதும் உரியது என்பதால், அதற்குள் கைகளை உயர்த்தி அவர் நேராக எழும்பும்போது எறிபவரே வந்து அவர் மார்பில் மோதினாலும் தடுப்பவர்மேல் குற்றமில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் இண்டியானா பேசர்ஸ் அணிக்கு ஆடிய 7 அடி 2 அங்குல உயரமுள்ள ராய் ஹிபர்ட், 2012-13 பருவத்தில் பெரிதும் பேசப்பட்டது இந்த விதியைத் திறம்படப் பயன்படுத்தியதற்காகத்தான்.

அடுத்தது கை. பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கைப்பகுதியை என்.பி.ஏ. விதிகள் பந்தின் பகுதியாகவே கருதுவதால், பந்தின்மேல் படிந்த விரல்களில் அடி விழுந்தால் ஃபவுல் இல்லை. அதே அடி சற்றுக் கீழிறங்கி மணிக்கட்டிலோ முன்கையிலோ விழுந்து எறிதலைக் குலைத்தால் ஃபவுல். ‘பளார்’ என்ற ஓசையை நம்பி விசில் ஊதுவதும் ஆபத்தே, ஏனெனில் தோல் பந்தில் பட்ட உள்ளங்கையும் அதே போல ஒலிக்கக்கூடும். மேலே பந்தைச் சுத்தமாகத் தட்டிவிட்டுக் கீழே இடுப்பால் எறிபவரை இடித்துத் தள்ளினாலும் அது ஃபவுல்தான் என்பதால், ‘பந்தைத்தானே தட்டினார்’ என்று அரங்கில் எழும் கூச்சல் பாதி வழக்கை மட்டுமே பேசுகிறது.

70 செ.மீ. உயரம் எழும்பும் ஒருவர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.76 நொடி; அதில் சரிபாதியை உச்சியை ஒட்டிய கால்பங்கு உயரத்திலேயே கழிக்கிறார் என்பது புவியீர்ப்பின் கணக்கு. இருவரின் கைகளும் அந்தச் சிறு இடைவெளியில்தான் சந்திக்கின்றன. அங்கே கண்ணின் கூர்மையைவிட நிற்கும் கோணமே முக்கியமாகிறது. இரு உடல்களுக்கும் நடுவிலுள்ள வெளி தெரியும்படி நிற்பவருக்கே மோதல் நிகழ்ந்ததா என்பது புலப்படும், ஒருவர் முதுகுக்கு நேர்ப்பின்னால் மாட்டிக்கொண்டவர் அனுமானிக்கத்தான் முடியும். மூன்று நடுவர்களை வெவ்வேறு கோணங்களில் நிறுத்துவதன் பயன் இதுவே.

கேமராவும் எல்லாம் அறிந்ததன்று. நொடிக்கு 60 படங்கள் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசப்படும் கை அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே 10 செ.மீ. நகர்ந்துவிடும்; அடி பட்டது விரலிலா மணிக்கட்டிலா என்பது அந்த இடைவெளியில் தவறிப்போகக்கூடும். மெதுவாக ஓட்டப்படும் காட்சி, செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்ற எண்ணத்தைப் பார்ப்பவரிடம் கூட்டுகிறது என 2016-இல் வெளியான உளவியல் ஆய்வொன்று காட்டியது. ஆயினும் பயிற்சியாளர் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து, பதிவான காட்சியைக் கொண்டு மறுஆய்வு கோரும் உரிமையை என்.பி.ஏ. 2019-20 பருவத்தில் அளித்தது சரியான முடிவே.

நடுவர் ஊதாத விசிலுக்கும் எடை உண்டு. 2016 ஜூன் 19 அன்று என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் 89-89 எனச் சமநிலையில் இருந்தபோது, கோல்டன் ஸ்டேட் அணியின் ஆண்ட்ரே இகுவோடாலா எறிந்த பந்தைப் பின்னாலிருந்து ஓடிவந்த கிளீவ்லாந்து அணியின் லெப்ரான் ஜேம்ஸ் பின்பலகையோடு அறைந்தார். பந்து முன்னரே பலகையில் பட்டிருந்தால் அது விதிமீறலாகி இரண்டு புள்ளிகள் கோல்டன் ஸ்டேட்டுக்குச் சேர்ந்திருக்கும். உடலிலோ முன்கையிலோ முறைகேடாக மோதியிருந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள் கிடைத்திருக்கும். நடுவர்கள் இரண்டும் இல்லை என்று ஆட்டத்தைத் தொடரவிட்டனர்; கிளீவ்லாந்து 93-89 என வென்று தன் முதல் என்.பி.ஏ. கோப்பையைப் பெற்றது.