சொல்லிசைப் பாடல் யாருக்குச் சொந்தம்?

பரந்தன் சந்தியில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஓர் இளைஞன் சொல்லிசைப் பாடலொன்றைத் தானே எழுதி, பாடி, உலகெங்கும் வெளியிட இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். 1973 இல் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் முளைவிட்ட இக்கலைக்கு, மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006 இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழில் பரவலான வரவேற்பைத் தேடித்தந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல், 2021 இல் 'மேட் இன் ஜவ்னா' எனத் தமது தொகுப்புக்குப் பெயர் சூட்டினார்.

வெளியிடுவது எளிதாகிவிட்டது. உரிமையைப் பேணுவதும் எளிதாகிவிட்டதெனக் கொள்ளலாகாது. 2021 இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. ஆயினும், அதனால் தமக்கு வருமானம் எதுவும் கிட்டவில்லையென அப்பாடலின் உருவாக்கத்தில் பங்கேற்ற சந்தோஷ் நாராயணன் 2024 இல் பகிரங்கமாகக் கூறினார்.

ஒரு பாடலில் இரு உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது. மற்றையது ஒலிப்பதிவுக்கு உரியது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கம் உருவானதுமே பதிப்புரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமன்று. ஆனால், வாசியாமல் இடும் ஒரு கையொப்பத்தினால் அது கைமாறிவிடலாம். இணையத்தில் எடுத்த பிறரது தாளத்தின்மீது பாடினால், அந்தத் தாளம் பாடியவருக்குச் சொந்தமாகிவிடாது.

ஆகவே, யாருக்கு எவ்வளவு பங்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நண்பர்களிடையேயும் இது அவசியம். வன்னி மண்ணின் அனுபவத்தைப் பாடுபவன், தன் பாடலைப் பிறரிடம் இழந்து நிற்கலாகாது.