கடன் வழக்கில் அழைப்பாணை

கடன் வழக்கில் அழைப்பாணை (சம்மன்) என்பது, கடன் தொகையைக் கேட்டு வழக்குத் தொடரப்பட்டுள்ளதைப் பிரதிவாதிக்குத் தெரிவித்து, அவரை முன்னிலையாகிப் பதில் கூறுமாறு பணிக்கும் நீதிமன்ற ஆவணம் ஆகும். இந்தியாவில் இதனை 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5 ஆம் கட்டளை ஒழுங்குபடுத்துகிறது.

வழக்கறிஞர் அறிவிப்பும் அழைப்பாணையும்

கடன் கொடுத்தவர் முதலில் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற ஆவணம் அன்று. அழைப்பாணையில் நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் முன்னிலையாக வேண்டிய நாளும் இருக்கும். பிராதின் நகலும் உடன் வரும்.

சார்பு செய்யும் முறை

அழைப்பாணையை நீதிமன்றப் பணியாளர் நேரில் தருவார். ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியர், மின்னஞ்சல் ஆகியவற்றாலும் அனுப்பலாம். பிரதிவாதி வீட்டில் இல்லாமல், உரிய காலத்தில் அவர் அங்கு இருப்பதற்கான வாய்ப்பும் இல்லாதபோது, உடன் வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்ப உறுப்பினராகக் கருதப்படமாட்டார்.

வாங்க மறுப்பதால் வழக்கு நின்றுவிடாது. பணியாளர் நகலை வீட்டுக் கதவில் ஒட்டி அறிக்கை அளிப்பார். பிரதிவாதி வேண்டுமென்றே தலைமறைவாக இருப்பதாக நீதிமன்றம் நம்பினால், நாளிதழ் விளம்பரம் போன்ற மாற்று முறைகளுக்கு உத்தரவிடலாம். அதுவும் நேரில் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

பதில் அளிக்கும் காலம்

சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணங்களைப் பதிவு செய்து நீதிமன்றம் இதனை 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். இவ்வரம்பு கண்டிப்பானதன்று என்றும், அரிதான சூழலில் அதற்கு மேலும் அனுமதிக்கலாம் என்றும் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 இல் கூறியது. வணிக வழக்குகளில் 120 நாட்களே இறுதி வரம்பு.

கடனுறுதிச் சீட்டு (புரோநோட்டு) போன்றவற்றின் அடிப்படையில் 37 ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்கு தொடரப்பட்டால் காலம் மிகக் குறைவு. பிரதிவாதி 10 நாட்களுக்குள் முன்னிலையாகாவிடில், பிராதில் கூறியவை ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும். முன்னிலையானவரும், அடுத்து வரும் தீர்ப்புக்கான அழைப்பாணை கிடைத்த 10 நாட்களுக்குள் எதிர்வாதம் செய்ய அனுமதி கோர வேண்டும்.

எதிர்வாதங்கள்

கடன் வாங்கவே இல்லை, கையெழுத்து தன்னுடையதன்று, தொகை திருப்பிச் செலுத்தப்பட்டது, வட்டிக் கணக்கு தவறானது என்பன வழக்கமான எதிர்வாதங்கள். பிராதில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் குறிப்பாக மறுக்க வேண்டும். மறுக்கப்படாதது ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படலாம்.

காலாவதியும் முக்கியமானது. 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கைமாற்றுக் கடனுக்கான வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். அக்காலம் முடியுமுன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து புதிதாகக் காலம் தொடங்கும்.

ஒருதலைத் தீர்ப்பு

பிரதிவாதி வராவிடில் வாதியின் சான்றுகளை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்கப்படலாம். அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படவில்லை அல்லது வராததற்குத் தக்க காரணம் உண்டு என மெய்ப்பித்தால், 9 ஆம் கட்டளை 13 ஆம் விதிப்படி அதனை நீக்கலாம். இதற்கான மனுவைத் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முறையாகச் சார்பு செய்யப்படாதிருந்தால், தீர்ப்பாணை பற்றி அறிந்த நாளிலிருந்து இக்காலம் கணக்கிடப்படும்.

தீர்ப்பாணைக்குப் பின்

தொகை செலுத்தப்படாவிடில் சொத்து ஜப்திக்கும் ஊதியப் பற்றுகைக்கும் நிறைவேற்று மனு தாக்கலாகும். ஊதியத்தின் ஒரு பகுதி, தொழிற்கருவிகள் முதலியவற்றுக்கு 60 ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்ய இயலாது. வறுமையால் செலுத்த இயலாதவரைச் சிறையிலடைக்கக் கூடாது என ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இலவச உதவி

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டோர் உள்ளிட்டோர் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம்.